இடப்பக்கத்துப் பீப்பாய்

கிழக்கேகோட்டை,
14-6-1980

சிரஞ்சீவி நாகுவுக்கு அக்கா விஜயத்தின் ஆசிகள்.

நீ ஏழாவது படிக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "தண்ணி நெருப்பை அணைக்கறது. ஆனா தண்ணிக்குள்ளேயே எரியற வாயு இருக்குங்கறே. அப்போ அந்த நெருப்பு உள்ள என்ன பண்ணிண்டிருக்கு?" அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "தூங்கறது, போடா" என்றேன். அதன் பிறகு முப்பது வருஷம் பெண்களுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நீயும் பஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனோடு வீட்டில் இருப்பாய் என்று பார்த்தால், வித்துராவில் பழைய தேயிலைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அந்த வாயுவை எழுப்பப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாய். பெட்ரோல் விற்கிற விலையில் உன்னைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. முப்பது வருஷம் டீசல் புகையைக் குடித்தவனுக்குப் புகையில்லாத வண்டி ஓட்ட ஆசை வராதா?

ஒன்று மட்டும் நினைவில் வை. உப்புக்கு ருசி உண்டு, கெரசினுக்கு நாற்றம் உண்டு. ஹைட்ரஜனுக்கு நிறம், மணம், ருசி ஒன்றும் கிடையாது. அறைக்குள் அது வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. காற்றைவிட மிக லேசானதால் தரையில் நிற்காது. நேரே மேலே போய்க் கூரையடியில் ஒண்டிக்கொள்ளும்.

அங்கே அட்டை கடிக்கிறதா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி எழுது.

அன்புடன்,
விஜயம்

*

வித்துரா,
2-7-1980

அக்காவுக்கு நமஸ்காரம். நான் நலம். அட்டை கடிக்கிறது, நானும் பழகிவிட்டேன், அட்டையும் பழகிவிட்டது.

வள்ளியூர்க்காரன் உச்சிமாகாளி என்று ஒரு வெல்டர் என்னோடு இருக்கிறான். நாற்பது வயது. சமையலும் அவன்தான். கொட்டகைக்குப் பின்னால் ஓடை விழுகிறது. எஸ்டேட்காரர்கள் விட்டுப்போன டைனமோவை அதில் ஓட்டி, அந்தக் கரண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விடுகிறோம். தொட்டியில் இரண்டு இரும்புப் பீப்பாய்களைக் கவிழ்த்து மிதக்க விட்டிருக்கிறோம். வாயு சேரச் சேரப் பீப்பாய் தானாக மேலே எழும்புகிறது. இடப்பக்கத்தில் ஹைட்ரஜன், வலப்பக்கத்தில் ஆக்சிஜன். நீ சொன்னபடி பாசிட்டிவ் முனையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். ஹைட்ரஜனை ரப்பர் பையில் நிரப்பிப் பழைய ஜீப்பின் கூரையில் கட்டியாயிற்று. ஆக்சிஜன் நமக்கு வேண்டாததால் கொட்டகைக்குள்ளேயே திறந்து விடுகிறேன். மூச்சுக்கு நல்லதுதானே?

ஜீப் ஓடியது அக்கா! கொட்டகையிலிருந்து வாசல்வரை.

ஒரு விஷயம். நேற்று மத்தியானம் குழாய் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி பறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இல்லை. விழவும் இல்லை, பறந்து போகவும் இல்லை. பிறகு உச்சிமாகாளியின் தோள் துண்டு அதே இடத்தில் ஓரம் சுருண்டு கறுத்தது. தீ எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலில் ரோடு நடுங்குமே, அப்படி ஒரு கையகலம் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. "சாமி, அங்கன யாரோ நிக்கா" என்கிறான் அவன். நாளைக்குப் பக்கத்தில் போய் நன்றாகப் பார்க்கப் போகிறேன்.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

நாகேஸ்வரன்

*

கிழக்கேகோட்டை,
7-7-1980

நாகுவுக்கு ஆசிகள். உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

பக்கத்தில் போகாதே. அங்கே நிற்பது யாருமில்லை, தீதான். விறகு எரியும்போது மஞ்சளாகத் தெரிவது கரித்தூள் சூடாகி மின்னுவதால். ஹைட்ரஜனில் கரியே இல்லை. அதனால் பகல் வெளிச்சத்தில் அதன் ஜ்வாலை தெரியாது. சுத்தமான தீ அது. சுத்தமாக இருப்பதாலேயே கண்ணுக்குச் சிக்குவதில்லை.

கொட்டகைக்குள் போகும்போது தென்னை விளக்குமாறு ஒன்றை முன்னால் நீட்டிக்கொண்டு போ. ஈர்க்கு நுனி எங்கே கனல்கிறதோ அங்கே தீ இருக்கிறது.

இன்னொன்று. ஒவ்வொரு நாளும் எஞ்சினுக்கு விடுமுன் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் வாயுவைப் பிடித்து, வெளியே தூரமாகக் கொண்டுபோய்க் கொளுத்திப் பார். சத்தமில்லாமல் எரிந்தால் சுத்தம். நாய் குரைப்பது போல் சத்தம் வந்தால் வேறு காற்று கலந்திருக்கிறது; அப்போது ஒரு தீக்குச்சி போதும், பீப்பாயே வெடிக்கும். வகுப்பில் பெண்களுக்கு இப்படிச் சொல்வேன்: நல்ல ஹைட்ரஜன் பேசாது.

பதிலை உடனே போடு.

விஜயம்

*

வித்துரா,
19-8-1980

அக்காவுக்கு நமஸ்காரம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் கொஞ்சம் சூடு பட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல உச்சிமாகாளி எழுதுகிறான். வேறு ஒன்றுமில்லை.

உன் விளக்குமாற்று யோசனையைச் சொன்னதும் இவன் கையெடுத்துக் கும்பிட்டான். "இசக்கியம்மன் முன்னால வெளக்குமாத்த நீட்டவா? நான் மாட்டேன் சாமி. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு." கடைசியில் வேப்பங்குலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறான். இலை சுருண்டால் நிற்கிறான். உனக்கு ரசாயனம், அவனுக்கு இசக்கி. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். (இதை எழுதும்போது சிரிக்கிறான்.)

போன வாரம் ஜீப்பைச் சந்தை வரைக்கும் கொண்டுபோனோம். உச்சிமாகாளி ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தையில் அத்தனை பேச்சும் ஒரே சமயத்தில் நின்றுபோனது. "சாரே, இதிலெ புக எவிடெ?" என்று யாரோ கேட்டார்கள். புகை இல்லை என்றேன். "மணமும் இல்லல்லோ" என்றான் ஒருவன். வண்டிக்குப் பின்னால் எதுவும் வராதது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மீன் விற்கும் சுசீலாபாய் மட்டும் பின்பக்கம் குனிந்து குழாயடியில் கையை நீட்டியிருக்கிறாள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. "ஐயோ, வண்டி கரையுந்நு!" என்று கூவினாள். வண்டி அழுகிறதாம். அதற்குப் பிறகு ஒருவரும் கிட்ட வரவில்லை.

எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. குழாயைக் கொளுத்திப் பார்க்கிறோம். பேசவே இல்லை.

உன் தம்பி,
நாகேஸ்வரன்

*

கிழக்கேகோட்டை,
1-10-1980

நாகுவுக்கு ஆசிகள்.

இரண்டு கடிதம் போட்டேன். அரைப்பக்கம்தான் பதில் வந்தது. அதுவும் அவன் கையெழுத்தில். ஜூலையில் பட்ட சூடு இன்னுமா ஆறவில்லை? டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டிருந்தேன். மழை பெய்கிறது என்று எழுதுகிறாய்.

முன்பெல்லாம் உன் கடிதத்தில் நிறம் இருக்கும். ஓடை பச்சையாக இருக்கிறது, மலை நீலமாக இருக்கிறது என்பாய். இப்போது எல்லாம் சத்தமாக இருக்கிறது. ஓடை இரைகிறது, தகரம் முனகுகிறது. உனக்கு அங்கே என்னதான் ஆகிறது?

நவராத்திரிக்கு வா. கொலு வைக்க எனக்கும் ஒரு கை வேண்டும்.

விஜயம்

*

வித்துரா,
22-10-1980

அக்காவுக்கு நமஸ்காரம். கொலுவுக்கு வர முடியவில்லை, மன்னித்துக்கொள். இங்கேயே ஆயுத பூஜை செய்தோம். உச்சிமாகாளி டைனமோவையும் கம்பிகளையும் கழற்றிக் கழுவி, பீப்பாய்களை இருந்த இடத்திலேயே துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். விஜயதசமி அன்று மறுபடி மாட்டினான்.

அதிலிருந்து ஒரு மாற்றம். இடப்பக்கத்துப் பீப்பாய் முன்பு போல் எழும்புவதில்லை; பாதி வேகந்தான். வலப்பக்கம் கிடுகிடுவென்று ஏறிவிடுகிறது. அடிக்கடி திறந்து விட வேண்டியிருக்கிறது. இடப்பக்கத்தில் எங்கோ கசிவு என்று நினைத்து மூட்டுகளுக்கு மெழுகு வைத்தோம்.

அது இப்போது பேசுகிறது அக்கா. முதல் நாள் லேசாகக் கனைத்தது. நேற்று, குழாயில் கொளுத்தியதும், ஒரு நாய் குரைத்தது. அப்படியே நாய். எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து நிஜ நாய்கள் பதில் கொடுத்தன. "பூசை குடுத்தோம்லா, ஆத்தா வாய் தொறந்துட்டா" என்கிறான் இவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் தனியாக இருக்கிறவனுக்கு ஒரு குரல் கேட்பது ஆறுதல்தான்.

தீபாவளி காலையில் எஞ்சினைக் கிளப்பி ஜீப்பைச் சந்தை முழுக்கச் சுற்றப் போகிறேன். எல்லோரும் வந்து பார்க்கட்டும். கசிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

நாகேஸ்வரன்

*

கிழக்கேகோட்டை,
25-10-1980
எக்ஸ்பிரஸ் தபால்

நாகு,

நலம் விசாரிக்க நேரமில்லை. எஞ்சினைத் தொடாதே. கொட்டகைக்குள் தீக்குச்சி, விளக்கு, அடுப்பு எதுவும் வேண்டாம்.

கசிவு இல்லை. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு வரும். இரண்டு கரண்டி சாதம் கேட்டவன் இலையில் ஒன்றும், ஒரு கரண்டி கேட்டவன் இலையில் இரண்டும் விழுமா? விழுந்தால் இலை மாறிவிட்டது என்று அர்த்தம். பூஜைக்குக் கழற்றிய கம்பிகளை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். உன் இடப்பக்கத்துப் பீப்பாயில் பழைய ஹைட்ரஜனோடு இப்போது ஆக்சிஜன் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் குரைக்கிறது.

அதைவிட மோசம் வலப்பக்கம். ஆக்சிஜன் என்று நினைத்து நீ கொட்டகைக்குள் திறந்து விடுவது ஹைட்ரஜன். அது எங்கேயும் போகவில்லை. உன் தலைக்கு மேலே, தகரத்துக்கு அடியில் நிற்கிறது.

டைனமோவை நிறுத்து. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு நீ வெளியே வா. தந்தி கொடுக்கப் போனேன். மழையில் அந்தப் பக்கத்து லைன் அறுந்து கிடக்கிறது என்றார்கள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன்.

இதைப் படித்ததும் ஒரு வரி எழுது.

விஜயம்

*

கிழக்கேகோட்டை,
30-10-1980

நாகு,

ஒரு வரிதானே கேட்டேன்?

விஜயம்

*

வள்ளியூர்,
2-11-1980

மதிப்பிற்குரிய டீச்சரம்மாவுக்கு உச்சிமாகாளி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளைகளும் நல்லா இருக்கோம். அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

சாமி கடிதமெல்லாம் எழுதிய கையெழுத்து இதுதான் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது நான் அங்கே இல்லை. அக்டோபர் இருபத்துநாலாம் தேதியே ஊருக்கு வந்துவிட்டேன். சாமி என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

காரணம் நான் செய்த காரியம். அந்தப் பீப்பாய் குரைக்கும்போதெல்லாம் நான் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். தீபாவளி வருகிற நேரத்தில் அம்மனை இரும்புக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. ஊருக்கு வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் இடப்பக்கத்துப் பீப்பாயின் வெளிக்குழாயைத் திறந்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லையம்மா. சத்தமில்லை, வாசமில்லை. ஆனால் அம்மாம்பெரிய இரும்பு யாரோ அமுக்குவதுபோல் இறங்கியது. என் முகத்தில் மட்டும் ஒரு மூச்சு பட்டது. பாதி இறங்குவதற்குள் சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒரு மாசத்து உழைப்புடா! உன்னையும் உன் இசக்கியையும் சேர்த்து ஓடையிலே தள்ளறேன் பார்!" என்றார். "தள்ளுங்க சாமி, ஆனா அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க" என்றேன். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

கோபத்தில் வந்துவிட்டேன். இங்கே வந்த பிறகுதான் உறைத்தது, இனிமேல் அவருக்கு உங்கள் கடிதத்தை யார் படிப்பார்கள் என்று.

சத்தியம் வாங்கியிருந்தார், மீறுகிறேன். சூடு பட்டது கையில் இல்லையம்மா. கண்ணில். பக்கத்தில் போகாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தபோது அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டார். மூட்டில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தீயே தெரியவில்லை. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்றுதான் தெரிகிறது அவருக்கு. டவுனில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். திரும்பும்போது கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் நின்றோம். "டீச்சரம்மா வீடு பக்கந்தானே சாமி, எட்டிப் பாத்துட்டுப் போவோமா?" என்றேன். "வேண்டாம்டா. அக்கா பார்த்தா கொட்டகைக்கு விட மாட்டா" என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. போஸ்ட்மேனுக்கும் மலையாளம்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். பூசையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சாமி ஒரு முனையில்தான் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். மற்றதெல்லாம் வெறுமனே இருந்தால் நல்லாவா இருக்கும்? தேய்த்துக் கழுவி எல்லா முனைக்கும் சமமாகக் குங்குமம் வைத்தேன். பிறகும் ஏன் அம்மன் கோபித்துக்கொண்டாள்?

இப்படிக்கு,
உச்சிமாகாளி

*

வித்துரா,
9-11-1980

உச்சிமாகாளிக்கு டீச்சர் எழுதுவது. உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. தீபாவளி அன்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நான் வந்தபோது நல்ல மழை. கொட்டகையின் ஜன்னல்கள் எல்லாம் சாரலுக்காக அடைத்துக் கிடந்தன. வாசல் படியில் என் இரண்டு கடிதங்களும் ஒரு கல்லின் கீழ் பத்திரமாக இருந்தன, பிரிக்காமல். பக்கத்தில் சுசீலாபாய் குடையோடு நின்றாள். "டீச்சரே, ஞான் நோக்கி. எனிக்கு தமிழ் அறியில்ல. சார் எல்லாரோடும் கேட்டு" என்றாள். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்தக் கவர்களை நீட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறான்.

உள்ளே நாகு புது வேட்டியோடு நின்றிருந்தான். தலையில் எண்ணெய் வைத்துக் குளித்திருந்தான். வலப்பக்கத்துப் பீப்பாய், அதைக் கட்டியிருந்த சங்கிலி எட்டுமட்டும் ஏறி நின்றது. அவன் ஒரு கையில் கண்ணாடிக் குழாய், மறு கையில் தீப்பெட்டி. வெளியே மழை என்பதால் உள்ளேயே கொளுத்திப் பார்க்கப் போகிறான்.

"உச்சிமாகாளியா? வந்துட்டியாடா? கேளு, இப்போ குரைக்கும்" என்றான், வாசல் பக்கம் திரும்பி. என்னை நேரே பார்த்தான். பார்க்கவில்லை.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் தவறான குப்பியைக் கையில் எடுத்துவிட்டால் கூச்சல் போடக் கூடாது; திடுக்கிட்டுக் கையிலிருப்பதை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடுவாள். மேலே பார்த்தேன். தகரம்தான் இருந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு ஒன்றுமில்லாத இடத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் செருப்பு சிமென்ட்டில் உரசினாலும் அது கேட்டுவிடும் போல் இருந்தது; செருப்பை வெளியே விட்டுவிட்டு நடந்தேன்.

பக்கத்தில் போய்க் கையை விரித்து அவன் விரல்களுக்கு அடியில் வைத்தேன். "நாகு, தீப்பெட்டியை என் கையிலே வை" என்றேன்.

அவன் முகம் எப்படி மாறியது என்று உனக்கு எழுத மாட்டேன். தீப்பெட்டியை வைத்தான். குச்சியை அதற்கு முன்பே எடுத்திருந்தான். அதையும் தனியாக வைத்தான். "உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டான். நான் அவனை மழைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பிறகு சுசீலாபாயும் நானும் ஜன்னல்களைத் திறந்தோம், ஓடை மடையை அடைத்தோம், இரண்டு பீப்பாய்களையும் வெளிக்குழாய் வழியே விட்டோம். நீ சொன்னது சரி. ஒன்றுமே போகவில்லை, இரும்பு மட்டும் இறங்கியது. மத்தியானம் வரை இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நனைந்துகொண்டு நாகு அதைக் காது கொடுத்துக் கேட்டான். கேட்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அடி தட்டிய கணத்தில் சரியாக, "போயிட்டா" என்றான்.

வீட்டுக்கு வா என்றேன். வர மாட்டேன் என்கிறான். "அக்கா, அந்தத் தீயை யாராலேயும் பார்க்க முடியாது. அதுக்கு முன்னாடி எல்லாரும் என்னை மாதிரிதான். இங்கே மட்டுந்தான் நான் குறைஞ்சவன் இல்லே" என்கிறான். அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். கடிதங்களைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரிக் கடிதத்தை மட்டும் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னான்.

உன் அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. நீ எல்லாருக்கும் சமமாகப் பொட்டு வைத்தாய். அதில் அந்த ஒரு பொட்டு தொலைந்துபோனது; கம்பிகள் இடம் மாறிப்போயின. கண் உள்ளவனுக்கே தொலையும் அடையாளம் இந்தக் கொட்டகைக்கு உதவாது. இனி அடையாளம் கைக்குத் தெரிய வேண்டும். நீ வந்துதான் மாட்ட வேண்டும். "வந்தா திட்ட மாட்டேன்னு எழுது" என்கிறான் நாகு. திட்டுவான். பரவாயில்லை, வா.

வருவதற்கு முன் அங்கேயே ஒரு தடவை செய்து பார். மூன்று டார்ச் செல்களை வரிசையாகச் சேர்த்து, இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் இரண்டு வயர் கட்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடாவைக் கரைத்து, இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று தொடாமல் அதில் விட்டு, வெயிலில் குனிந்து பார். எந்த வயரில் குமிழி அதிகமாக வருகிறதோ அதை வெளியே எடுத்து அதில் ஒரு முடிச்சுப் போடு. பிறகு இரண்டையும் கலைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த வயரைத் தேடி எடு.